நாலு நிமிடம் மூச்சு வாங்க நடப்பது எப்படி

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 56. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை நாற்காலிதான். அதற்குப் பரிகாரம் மாதிரி ஆறு வருடமாக விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவந்தேன். நாலு நண்பர்கள், மூன்று சுற்று, ஊர்க்கதை, முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால்.

இவ்வளவு நடந்தும் ரத்தப் பரிசோதனை முடிவு இப்படி வந்தது: வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 36. ரத்த அழுத்தம் 138/88, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150, அழுத்தம் 130/85 ஆகியவற்றைத் தொட்டாலே அது ஒரு குறையாகக் கணக்கில் சேரும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. இடுப்பு நம்மூர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் மூன்று தவறினால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு. நான் ஐந்திலும் தவறியிருந்தேன்.

என் மகள் பிசியோதெரபிஸ்ட். ஒரு நாள் கூடவே வந்து பார்த்துவிட்டு, "நீங்க நடக்கலைப்பா, உலாத்துறீங்க" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்ன நார்வே ஆய்வைக் கேட்டதும் யோசித்தேன். டிரான்ட்ஹைம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் செய்து 2008இல் வெளியிட்டது. என்னைப் போன்ற 32 பேர். வாரம் மூன்று நாள், 16 வாரம். ஒரு பிரிவினர் 47 நிமிடம் ஒரே சீராக நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் நாலு நிமிடம் மூச்சு வாங்க ஏற்றத்தில் போய், மூன்று நிமிடம் தளர்ந்து நடந்து, மறுபடி நாலு நிமிடம் என்று நாலு முறை. சீராக நடந்தவர்களுக்கு உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 16 சதவீதம் கூடியது. விட்டுவிட்டு ஏறியவர்களுக்கு 35 சதவீதம். ரத்தக் குழாய்களின் உள்சுவரும் இவர்களுக்குத்தான் அதிகம் தேறியது. எடையும் ரத்த அழுத்தமும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தன. ஆகவே தொப்பையைக் கரைக்கும் மந்திரம் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். இது இதயத்துக்கான வேலை.

இறங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் மூன்றும் எடுத்த பிறகுதான் சரி என்றார்கள். சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்தவர்களுக்கும் அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களுக்கும் இது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடுவழியில் சர்க்கரை இறங்கிவிடலாம். என் மச்சினன் அந்த ரகம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் அவனை நான் கூட்டிப்போவதில்லை. பாதம் மரத்துப்போனவர்கள் செருப்போடு போகாமல் நல்ல ஷூ போட்டுப் போங்கள். வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து, எவ்வளவு வேகம்? உச்ச நாடித் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம் என்பது ஆய்வுக் கணக்கு. 220இல் வயதைக் கழித்தால் உச்சம் என்பது பழைய வாய்ப்பாடு. எனக்கு 164 வருகிறது. நார்வேக்காரர்களே பிறகு சொன்ன கணக்கு, வயதை 0.64ஆல் பெருக்கி 211இல் கழிப்பது, அதில் 175. ஒரே ஆளுக்கு 11 துடிப்பு வித்தியாசம்! கணக்கு எழுதுகிறவனுக்கு இது பிடிக்கவில்லை. போதாததற்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு என்ன ஓடினாலும் துடிப்பு அந்த எண்ணைத் தொடாது.

அதனால் நான் எட்டாம் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டேன். சாதாரணமாக நடக்கும்போது ஓரெட்டு எட்டில் தொடங்கிப் பத்தெட்டு எண்பது வரை தடங்கலில்லாமல் வாய்விட்டுச் சொல்ல முடியும். தெப்பக்குளத்து நடையில் ஆறு வருடமாக நான் இருந்தது அங்கேதான். வேக நிமிடங்களில், "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு..." என்பதற்குள் மூச்சு வெட்ட வேண்டும். வாயே திறக்க முடியவில்லையா? அளவு மீறிவிட்டது, வேகத்தைக் குறையுங்கள். இடைப்பட்ட மூன்று நிமிடத்தின் முடிவில் ஐயெட்டு நாற்பது வரையாவது ஒரே மூச்சில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஏற்றத்தைத் தொடங்காதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் நடங்கள், ஒன்றும் குடி முழுகாது.

சமதளத்தில் எனக்கு இந்த மூச்சு வாங்க ஓட வேண்டியிருந்தது. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஏற்றத்தில் வேகநடையே போதும். வீட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. ஐந்தேகால் மணிக்கு லாரித் தொல்லை குறைவு. முதல் நாள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி எடுத்த எடுப்பில் பாய்ந்தேன். இரண்டாவது நிமிடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நாலு நிமிடமும் ஒரே வேகத்தில் போகிற மாதிரி தொடங்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. முதல் ஒன்றரை நிமிடம் மூச்சு மெல்ல ஏறும். கடைசி இரண்டு நிமிடத்தில்தான் எட்டாம் வாய்ப்பாடு உடைய வேண்டும்.

இப்போது பத்து நிமிடம் நிதானமாக நடந்து உடம்பைச் சூடாக்குகிறேன். பாலத்தின் ஏற்றம் இரண்டரை நிமிடம்தான் என்பதால், அதற்கு ஒன்றரை நிமிடம் முன்னால் இருக்கிற டீக்கடையிலிருந்தே வேகம் எடுப்பேன். உச்சிக்குப் போனதும் மறுபக்கம் மெதுவாக இறங்குவேன். முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான். அங்கே அவசரம் கூடாது. கீழே கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புவதற்குள் ஓய்வு நாலு நிமிடமாகிவிடும். இருக்கட்டும். உட்கார்ந்தோ நின்றோ ஓய்வெடுக்க மட்டும் கூடாது, மெதுவாகவாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். நாலாவது முறை முடிந்து ஐந்து நிமிடம் தளர்நடை. மேம்பாலம் இல்லாத ஊரில் மாடிப்படி, கோவில் மலை, சைக்கிள் எதுவும் உதவும்.

நாலு முறையையும் முதல் வாரமே செய்யாதீர்கள். இரண்டு வாரம் வெறும் வேகநடை, பிறகு இரண்டு வாரம் ஒரே ஒரு ஏற்றம். அந்த ஒன்றையும் அற்பமாக நினைக்க வேண்டாம். அதே குழு 2013இல், உடற்பயிற்சி இல்லாத பருமனான ஆண்களிடம் பத்து வாரம் பார்த்ததில், நாலு முறை செய்தவர்களுக்கு ஆக்சிஜன் திறன் 13 சதவீதம் கூடியது. ஒரே முறை செய்தவர்களுக்கும் 10 சதவீதம். கடையில் தீபாவளி வியாபாரம் நடக்கும் மாதத்தில் நான் அந்த ஒன்றோடு முடித்துக்கொள்வேன். வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மற்ற நாள்களில் பழையபடி தெப்பக்குளம், நண்பர்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காய்ச்சல் நாளில் லீவு. பத்து நாள் விட்டுப்போனால் திரும்ப இரண்டு ஏற்றத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

எனக்கு 16 வாரத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இடுப்பு 97. டிரைகிளிசரைடு 168, அழுத்தம் 128/82, சர்க்கரை 104. எச்.டி.எல். 38 என்று ஆமை வேகத்தில் நகர்ந்திருக்கிறது. மாத்திரையை மருத்துவர் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடையில் மூன்றாவது மாடிக் கிடங்குக்கு லிஃப்ட் கிடையாது. முன்பெல்லாம் பையனை அனுப்பி பில் கட்டை எடுத்துவரச் சொல்வேன். இப்போது நானே ஏறிப் போய் எடுத்துவருகிறேன், வாய்ப்பாடு நாலெட்டு முப்பத்திரண்டு வரைக்கும் வருகிறது.