ஐகன் மதிப்பு மெய்யா கலப்பா? முன்கூட்டியே பார்த்துவிடலாம்
கோத்தகிரியில் டியூஷனுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: ஐகன் மதிப்பு (அணியால் பெருக்கும்போது திசை மாறாத திசையன் எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் எண்) தேடுமுன் அணியை, அதாவது எண்களின் சதுர அடுக்கை, உற்றுப் பாருங்கள். மெய்யெண்களாலான சமச்சீர் அணி (முதன்மை மூலைவிட்டத்தின் இருபுறமும் கண்ணாடிபோல் ஒரே எண்கள்) என்றால் எல்லா ஐகன் மதிப்பும் மெய்யெண்தான். கலப்பெண் (−1-இன் வர்க்கமூலம் கலந்த எண்) வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

2×2 அணிக்குச் சமச்சீர்கூட வேண்டாம். முதன்மை மூலைவிட்டத்தில் இல்லாத இரண்டு எண்களைப் பெருக்குங்கள். சுழியோ மிகையோ வந்தால் மெய்தான். முதல் வரிசை 1, 4. இரண்டாவது 1, 1 என்றால் ஐகன் மதிப்புகள் 3, −1. அந்த 4-ஐ −4 ஆக்கினால் இரண்டுமே கலப்பெண். (குறை எண் வந்தாலே கலப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முழுசாகப் போட்டுப் பார்க்கணும்.)

அப்புறம் எல்லை மதிப்புக் கணக்கு, அதாவது இரு முனையிலும் மதிப்பு கொடுக்கப்பட்ட வகைக்கெழுச் சமன்பாடு. தேயிலைத் தோட்ட வேலியில் இரண்டு கல்தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பி: இரு முனையும் அசையாது. நீளம் 1, சமன்பாடு y″ + λy = 0 என்றால் இங்கே ஐகன் மதிப்பான லாம்டா (λ), பை வர்க்கத்தின் 1, 4, 9, 16 மடங்குகளாக வரும். இது ஸ்டர்ம்-லியூவில் வகை, அதாவது ஐகன் மதிப்பெல்லாம் மெய்யெண்ணாகவே வரும் கணக்கு வகை. அந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, மிகை, சுழி, குறை மூன்றை மட்டும் சோதித்தால் போதும். கலப்பெண் பக்கமே போக வேண்டாம்.