ஹெட்லைட்டுக்குப் பின்னால் சும்மா தொங்கும் சாக்கெட்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், செம்பனைக்குள் தெருவிளக்கு கிடையாது. அதனால் இருபது வருடம் ஓடிய ஹோண்டா ஈஎக்ஸ்5-இலும் முன்னால் ஒரு ஸ்பாட் லைட் இருக்கும், கைப்பிடி பக்கத்தில் போனுக்கு ஒரு யுஎஸ்பி சார்ஜர் இருக்கும். இவற்றை மாட்ட ஹெட்லைட் கவரைக் கழற்றினால், உள்ளே எதிலும் சேராமல் ஒரு சாக்கெட் தொங்கும். "நமக்குன்னே விட்டு வெச்சிருக்கான்" என்று மனசு குளிர்ந்துவிடும். நான் பார்த்த கோளாறுகளில் பாதி அங்கேதான் ஆரம்பித்தவை.

அது நமக்காக விட்டு வைத்ததாக இருப்பது அபூர்வம். கம்பெனிக்காரன் ஒரே வயரிங் கட்டைப் பல நாட்டு மாடல்களுக்கும் போடுகிறான். ஒரு நாட்டில் பார்க்கிங் விளக்குக்குப் போன முனை இங்கே வேலையில்லாமல் கிடக்கும். கூடுதல் சாமான் மாட்டுவதற்கென்றே முனை விட்ட மாடல்களும் உண்டு, ஆனால் அதை வண்டியின் வயரிங் படத்தில் பார்த்துத்தான் நம்ப வேண்டும். நம் ஊரில் இன்னொரு வகை நிறைய: முந்தைய சொந்தக்காரர் அலாரம் போட்டுக் கழற்றியதன் மிச்சம். எனக்கு அதைக் கண்டால்தான் பயம். பேட்டரியிலிருந்து பியூஸே இல்லாமல் நேராக வந்திருக்கலாம். அடையாளம் சுலபம். கம்பெனி வயர் பெரிய கட்டின் டேப்புக்கு உள்ளேயிருந்து பிரிந்து வரும். யாரோ பின்னால் சேர்த்தது கட்டுக்கு வெளியே, அதன் முதுகில் ஏறி ஓடும்.

முதல் தப்பு நிறத்தில். வீட்டு ரேடியோ, கார் ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துப் பழகிய கைக்கு சிவப்பு என்றால் பிளஸ், கறுப்பு என்றால் எர்த், அதாவது மைனஸ். ஹோண்டாவில் எர்த் பச்சை. கறுப்பு, சாவி திறந்ததும் 12 வோல்ட் வரும் பிளஸ். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவிக்குப் பின் வரும் பிளஸ் பழுப்பு. சுசுகியில் அந்த பிளஸ் ஆரஞ்சு, எர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு. கவாசாகியில் பிளஸ் பழுப்பு, எர்த் கறுப்பில் மஞ்சள் கோடு. யமஹா ஆர்எக்ஸ்இசட்டில் கற்ற பாடத்தை ஈஎக்ஸ்5-இல் ஒப்பித்தால் என்ன ஆகும் என்பதை என் பெரியப்பா எனக்குக் காட்டிக் கொடுத்தார்.

சார்ஜரின் சிவப்பை வண்டியின் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தார். சாவியைத் திறந்தால் சார்ஜரில் வெளிச்சமே இல்லை. இரண்டு பக்கமும் பிளஸ், பிறகு எங்கே மின்சாரம் ஓடும்? "சார்ஜர் ரோசாக்டா தம்பி", கெட்டுப்போச்சு என்று சொல்லி இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் எரியவில்லை. எர்த் சரியாகப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, கறுப்பு சேர்ந்த இடத்திலிருந்து ஒரு துண்டு வயரை வண்டி பாடியின் போல்ட்டில் முறுக்கினார். சாவி அடைத்தபடி இருந்ததால் உடனே நீல விளக்கு எரிந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சாவியைத் திறந்தார். டப். பியூஸ் போய்விட்டது. கறுப்பில் வந்த பிளஸ் நேராகப் பாடிக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். "பெரியப்பா, பச்சையில போடுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு சார்ஜர் வாங்கியாகிவிட்டது.

நிறமும் கடைசி வார்த்தை அல்ல. பழைய வண்டியில் பழுப்பு, ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் வெளுத்து ஒரே செம்மண் நிறமாகிவிடும். டேப்பை ஒரு விரற்கடை பிரித்து, வெயில் படாத இடத்தில் நிறத்தைப் பாருங்கள். பிறகு சோதியுங்கள்.

சோதிப்பதிலும் ஒரு தப்பு இருக்கிறது. மீட்டரை வைத்து 12 வந்தால் போதும் என்று நினைப்பது. மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. உள்ளே நூலிழை போல ஒரே ஒரு செம்புக் கம்பி பிழைத்திருந்தாலும் அது 12.4 என்று பெருமையாகக் காட்டும். நான் பழைய சிக்னல் பல்ப் ஒன்றுக்கு, 10 வாட், இரண்டு வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன். அதை எரியவிட்டபடி மீட்டரைப் பார்ப்பேன். ஒரு வண்டியில் 12.4 காட்டியது பல்ப் போட்டதும் 7-க்கு இறங்கியது. சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. உர மூட்டை ஏற்றும் வண்டி அது. பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. அந்தத் தூசியோடு மழை ஈரமும் சேர்ந்தால் செம்பும் பித்தளையும் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பல்ப் மாட்டியிருக்கும்போதே சாவியை அடைத்துத் திறங்கள், லைட் சுவிட்சைத் தட்டுங்கள், சிக்னல் போடுங்கள், பிரேக் மிதியுங்கள். கண் சிமிட்டினால் அது சிக்னல் லைன். பிரேக்குக்கு மட்டும் எரிந்தால் பிரேக் விளக்கு லைன். சாவி அடைத்தும் எரிந்தால் பேட்டரியின் நேரடி லைன், அதில் சார்ஜர் வேண்டாம். போன் மாட்டாவிட்டாலும் வோல்ட் காட்டும் சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் அவர். 5 ஆம்பியர் அவர் பேட்டரி பத்தே நாளில் காலி. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் "பேட்டரி புதுசுதானே" என்று திகைப்பது இதனால்தான்.

எஞ்சின் ஓடினால் மட்டும் ஹெட்லைட் எரியும் சின்ன வண்டிகளில் இன்னொரு பொறி உண்டு. அந்த விளக்குக்கு வருவது பல சமயம், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும் ஏசி, அதாவது மாறுமின்சாரம். ஹோண்டாவில் அது பெரும்பாலும் மஞ்சள் வயர். முறுக்கினால் பல்ப் பிரகாசமாகி, விட்டால் மங்கும். அதில் சார்ஜரை மாட்டினால் சில நாள் ஓடலாம், பிறகு கருகலாம். மீட்டரை ஏசிக்கு மாற்றி ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மிகப் பழைய மோட்டாராக இருந்தால், 6 வோல்ட் வண்டியா என்று பேட்டரியின் முதுகில் படித்துவிட்டே எதையும் தொடுங்கள்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால், சீட்டுக்குக் கீழோ பேட்டரிக்குப் பக்கத்திலோ மூடி போட்ட சின்ன சாக்கெட் இருக்கும். ஹோண்டாவில் பல மாடல்களில் சிவப்பு, நான்கு பின். அது போர்மேன் (மெக்கானிக்) கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு படிக்கும் வாசல். கிட்டே போகாதீர்கள்.

எவ்வளவு இழுக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். மலேசியாவில் 1992 முதல் மோட்டார் பகலிலும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட வேண்டும். அதனால் காயில் தரும் மின்சாரத்தில் பெரிய பங்கு காலையிலேயே செலவாகிறது. மிச்சத்தில் சார்ஜர் பிழைக்கும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தருவது 12 வோல்ட் பக்கத்தில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்தான் கேட்கும். 20 வாட் ஸ்பாட் லைட் இரண்டு என்றால் 3 ஆம்பியருக்கு மேல். அந்த ஒல்லி வயரில் அதை இழுக்கக் கூடாது. ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். காலி சாக்கெட்டை அதன் 85, 86 முனைகளை உசுப்ப மட்டும் வையுங்கள். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி பியூஸ் வழியாக 30-இல் நுழைந்து 87-இல் போகட்டும்.

பியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அது காப்பது வயரை, விளக்கை அல்ல. சார்ஜருக்கு 2 ஆம்பியர் பியூஸ் போதும். அடிக்கடி போகிறதே என்று 15 போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் ஒன்றுதான். அடுத்து எரியப் போவது வயரிங் கட்டு.

கடைசியில் இணைப்பு. வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்பை நான் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அது பாதி இழைகளை வெட்டிவிட்டு, மீதியில் மழைத் தண்ணீரை விடுகிறது. சாக்கெட்டுக்குப் பொருந்தும் ஆண் முனையை வாங்கி அழுத்தி, வாயை மேலே பார்க்க விடாமல் கீழ்நோக்கி வைத்துக் கட்டுங்கள். அதற்குள் நுழையும் முன் வயர் ஒரு வளைவு தாழ்ந்து போகட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டுக் கவரை மூடுங்கள். மூடும் முன், எந்த வயரிலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதிச் சுற்றி வையுங்கள். இந்த வண்டியைப் பிறகு திறக்கப் போவது உங்கள் மகனாக இருக்கலாம்.