காரைக்குடியில இருந்து நீலகிரி நீராவி ரயிலுக்குப் போறவங்களுக்கு

முதல்லயே சொல்லிடுறேன், ஊட்டி ட்ரெயின்னு பேரைப் பாத்ததும் எந்த டிக்கெட் கிடைக்குதோ அதை புக் பண்ணிடாதீங்க. நீராவி இன்ஜின் ஓடுறது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவுல, அதுக்கு மேல ஊட்டி வரைக்கும் டீசல்தான். இது தெரியாம நான் அப்பத்தாவை ஊட்டியில ஏத்தி குன்னூர்ல இறக்கிட்டேன், "புகையவே காணோமேடா"ன்னு வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரே பாட்டு.

மேட்டுப்பாளையத்துல காலைல 7:10க்கு கிளம்புது. சீட்டு கம்மி, 60 நாள் முன்னாடி புக்கிங் திறந்த உடனே போட்டுடுங்க. ராத்திரி பஸ்ஸுல போய் காலைல பிடிச்சுக்கலாம்னு கணக்கு போடாதீங்க, முதல் நாளே திண்டுக்கல், பழனி வழியா கோயம்புத்தூர் போய் மேட்டுப்பாளையத்துல ரூம் போட்டு தூங்கிடுங்க. அக்டோபர் நவம்பர் வேணாம், மழைல மண்ணு சரிஞ்சு வண்டியையே ரத்து பண்ணிடுவாங்க.

ஏறும்போது இடது பக்க ஜன்னல். கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு, அதுக்கப்புறம்தான் ஆட்டமே, 12 அடி போனா 1 அடி ஏத்தம், ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ரெண்டு பட்டை ஓடும் பாருங்க, இன்ஜினுக்கு அடியில இருக்குற பல்சக்கரம் அதுகளைக் கவ்விக் கவ்வித்தான் ஏறும், அதுவும் முன்னாடி நின்னு இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். 1899ல குன்னூர் வரைக்கும் போட்ட லைன், நம்ம ஊர்ல முன்னாடி ஓடுன அதே மீட்டர் கேஜ்.

ஹில்குரோவ்ல இன்ஜினுக்கு தண்ணி பிடிக்க நிப்பாட்டுவாங்க, இறங்கி டீ குடிக்கலாம். ஆனா பலகாரத்தை ஜன்னல் ஓரமா வைக்காதீங்க. சீப்பு சீடை பொட்டலத்தை மடியில பிரிச்சு வச்சுட்டு டீக்கு சில்லறை தேடுனேன், ஒரு குரங்கு கம்பி வழியா கைய விட்டு பொட்டலத்தோட உருவிட்டு கூரை மேல உக்காந்து ஒண்ணொண்ணா கடிச்சுப் பாத்து துப்புது, அதுக்குப் பிடிக்கலையாம்!

வெள்ளைச் சட்டை போடாதீங்க. மொத்தப் பாதையில 16 குகை, உள்ள போனதும் புகை பெட்டிக்குள்ளயே வரும், கரி படியும். குன்னூர்ல நீராவி இன்ஜினைக் கழட்டுவாங்க, இறங்கி ஓடிப்போய் கிட்டத்துல பாத்துடுங்க.

போன வருஷம் அப்பத்தாவை மறுபடி கூட்டிட்டுப் போனேன், இந்த தடவை சரியான டிக்கெட். முதல் குகையிலயே முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு "போதும்டா, ஜன்னலைச் சாத்து"ன்னுடுச்சு.