கூடையைத் துரத்தாதீர்கள்: வானில் எரிபொருள் நிரப்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மரைன் படையின் போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வானில் எரிபொருள் வாங்குவது பெரும்பாலும் கேசி-130ஜே டேங்கரிடம்தான். அதன் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எரிபொருள் பாட்கள் (இறக்கையடியில் தொங்கும் கூடுகள்). ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 80 அடி ஹோஸ் (வளையும் குழாய்) பின்னால் நீளும். ஹோஸின் நுனியில் புனல் வடிவக் கூடை இருக்கும்; ட்ரோக் என்பது அதுதான். வாங்க வரும் விமானம் தன் புரோப் குழாயை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். அமெரிக்க விமானப்படையின் பூம் (டேங்கரின் வாலிலிருந்து நீளும் விறைப்பான குழாய்) முறையில், டேங்கரில் இருக்கும் ஆபரேட்டரே குழாயை இயக்கிப் பொருத்திவிடுவார். ஹோஸ் முறையில் அப்படி யாரும் இல்லை. பொருத்தும் வேலை முழுக்க வாங்க வரும் விமானியுடையது. அதனால் தவறு என்றதும் எல்லோரும் அவர் பக்கமே பார்க்கிறார்கள். ஆனால் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் முன்பே, திட்டம் போடும் மேசையில் தொடங்கும் தவறுகள் ஏராளம்.

கணக்கில் வரும் பிழைகள்

கேசி-130ஜே தன் இறக்கைத் தொட்டிகளிலும் வெளித் தொட்டிகளிலும் இருந்து 57,500 பவுண்ட் எரிபொருள் வழங்க முடியும். சரக்கு அறைக்குள் 3,600 கேலன் தொட்டியை ஏற்றினால் இன்னும் 24,392 பவுண்ட் கூடும். எஃப்-35பி போர் விமானத்தின் உள்தொட்டி சுமார் 13,300 பவுண்ட் கொள்ளும். வகுத்துப் பார்த்து ‘நான்கு விமானங்களுக்குப் போதும்’ என்று எழுதிவிடுவது முதல் தவறு. டேங்கரின் நான்கு எஞ்சின்களும் அதே தொட்டிகளிலிருந்துதான் குடிக்கின்றன. சந்திக்கும் இடத்துக்குப் போக எவ்வளவு, அங்கே வட்டமடிக்க எவ்வளவு, திரும்பி வர எவ்வளவு என்பதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே கொடுக்கக்கூடிய அளவு.

வேகக் கணக்கிலும் இதே கோளாறு நடக்கும். ஒரு பாட் நிமிடத்துக்கு அதிகபட்சம் 300 கேலன் தள்ளும். ஜேபி-5 எரிபொருள் கேலனுக்கு ஏறக்குறைய 6.8 பவுண்ட் எடை என்பதால், அது நிமிடத்துக்கு 2,000 பவுண்டுக்குச் சற்று மேல். இது உச்ச அளவு மட்டுமே. வாங்கும் விமானத்தின் குழாய்களும் வால்வுகளும் எவ்வளவு உள்ளே விடுகின்றனவோ அவ்வளவுதான் போகும். தொட்டி நிரம்ப நிரம்ப ஓட்டம் மெலியும். நான்கு விமானங்கள் இரண்டிரண்டாக வரும்போது, முதலில் நிரப்பிய ஜோடி மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வாங்கியதை எரித்துக்கொண்டே இருக்கும். இந்தக் காத்திருப்பைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் கடைசி ஜோடி வாங்கி முடிக்கும்போது முதல் ஜோடிக்கு மீண்டும் பசிக்கும். பவுண்டையும் கேலனையும் கலந்து பேசுவதோ ஏறக்குறைய ஏழு மடங்குப் பிழை. ரேடியோவில் எண்ணோடு அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடல் கடக்கும் பயணங்களில் நேரும் தவறு இன்னும் ஆபத்தானது: தொட்டி காலியாகும்வரை பொறுத்திருந்து பிறகு வாங்கலாம் என்று நினைப்பது. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு 2,000 கடல் மைலுக்கு மேல் உண்டு. நடுவில் இறங்க இடமே இல்லை. அந்தப் பாதையில் போர் விமானங்கள் திரும்பத் திரும்ப வாங்குவது பசியால் அல்ல. எந்த இடத்தில் ஹோஸ் பழுதாகி எரிபொருள் கிடைக்காமல் போனாலும், கையில் இருப்பதை வைத்து முன்னாலோ பின்னாலோ ஒரு தளத்தை அடைய வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு சந்திப்புக்கும் ‘இங்கே கிடைக்காவிட்டால் எங்கே போவது, அதற்கு எத்தனை பவுண்ட் வேண்டும்’ என்ற எண் காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இணைப்பு முயற்சி நடக்கும்போது அந்த எண் நெருங்கிவிட்டால் முயற்சியை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

எந்த டேங்கர், எந்தக் கூடை என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். ஜெட் விமானங்களுக்கு அதிவேகக் கூடை. ஹெலிகாப்டர்களுக்கு மெதுவேகக் கூடை, அது பெரியது. இவற்றைத் தரையில்தான் மாற்ற முடியும். விமானப்படையின் கேசி-135 டேங்கரிடம் வாங்குவதாக இருந்தால், அதன் பூம் நுனியில் கூடை இணைப்பானைப் பொருத்திவிட்டார்களா என்று கேட்டே ஆக வேண்டும். அதுவும் தரையில் நடக்கும் வேலை. அது இல்லாமல் வந்தால் எஃப்-35பி-க்கும் ஹார்னெட்டுக்கும் (எஃப்/ஏ-18 போர் விமானம்) அந்த டேங்கரால் பயனில்லை. இறக்கைகளில் ஹோஸ் பாட்கள் பொருத்திய கேசி-135 என்றால் மட்டுமே தப்பிக்கலாம்.

எரிபொருள் வகையையும் மறக்கக் கூடாது. கப்பலில் பயன்படும் ஜேபி-5 தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 60 டிகிரி செல்சியஸ். ஜேபி-8-க்கு 38 டிகிரிதான். விமானப்படை டேங்கரிடம் ஜேபி-8 வாங்கிவிட்டுக் கப்பலில் இறங்கும் விமானி அதைத் தளக் குழுவிடம் சொல்லாமல் விட்டால், தீ அபாயம் கூடிய விமானம் கப்பலின் ஹேங்கருக்குள் போய்விடும்.

கூடையைப் பார்க்கும் கண்

இனி இணைப்பு. இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: விமானி கூடையையே பார்த்துக்கொண்டு பறப்பது.

கூடை ஒருபோதும் அசையாமல் நிற்காது. காற்றின் கொந்தளிப்பில் ஆடும். டேங்கரின் சிறு அசைவுக்கும் ஆடும். அதோடு, வாங்க வரும் விமானத்தின் மூக்கு தள்ளும் காற்றும் கூடையை விலக்கும். எஃப்/ஏ-18-இல் புரோப் மூக்கின் வலப்புறம் நீள்கிறது. கூடை நெருங்கும் கடைசி சில அடிகளில் மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்துவிடும். அதைப் பார்த்த விமானி ஸ்டிக்கை வலப்புறம் தள்ளுகிறார். விமானம் நகர்வதற்குள் கூடை இடப்புறம் வந்துவிடுகிறது. இவர் இடப்புறம் திருப்புகிறார். ஒவ்வொரு திருத்தமும் தாமதமாகவே சேர்வதால் ஆட்டம் குறைவதற்குப் பதில் வளர்கிறது. சிமுலேட்டரில் மணிக்கணக்கில் முயன்று தோற்பவர்கள் பலரும் மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்.

சரியான முறை வேறு. கூடைக்குப் பின்னால் 10 முதல் 20 அடி தள்ளி முதலில் அசையாமல் நிற்க வேண்டும். டிரிம் (கை விசையில்லாமலே விமானம் நிலையாகப் பறக்க வைக்கும் அமைப்பு) சரி செய்து, கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்து, டேங்கரின் பாட்-ஐயும் இறக்கையையும் அடையாளமாக வைத்து அணிவகுப்பில் பறப்பதுபோலப் பறக்க வேண்டும். கூடை ஓரக்கண்ணில் இருந்தால் போதும். அது எந்த நடுப்புள்ளியைச் சுற்றி ஆடுகிறது என்று சில நொடிகள் கவனித்து, அந்தப் புள்ளியை நோக்கி நேராக முன்னேற வேண்டும். இரண்டிருக்கை விமானத்தில் பின்னால் இருப்பவர் கூடையைப் பார்த்து ‘ஒரு அடி மேலே, அரை அடி வலது’ என்று சொல்வது பெரிய உதவி. முன்னால் இருப்பவரின் கண் டேங்கரை விட்டு நகராது.

நெருங்கும் வேகம் டேங்கரைவிட 3 முதல் 5 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கூடுதலாக இருந்தால் போதும். நடந்துபோகும் வேகமும் அதைவிடச் சற்றே கூடுதலும்தான் அது. இதற்குக் குறைந்தால் புரோப் கூடையைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிரப் பூட்டு விழாது. கூடிப்போனால் விளைவு மோசம். பாட்-இல் இருக்கும் சுருள் ஹோஸின் தளர்ச்சியைச் சுருட்டி எடுப்பதற்கு ஒரு வேக எல்லை உண்டு. அதை மீறிப் பாய்ந்தால் ஹோஸ் தொய்ந்து, உதறிய கயிற்றில் போல ஓர் அலை டேங்கர்வரை ஓடித் திரும்பி வந்து புரோப்பை அடிக்கும். அளவுக்கு மீறிய விசை வந்தால் முறிந்துகொள்ளும்படி புரோப்பின் நுனி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அது விமானத்தைக் காக்கும். ஆனால் முறிந்த நுனி கூடைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த ஹோஸ் அன்றைக்கு இனி யாருக்கும் உதவாது. பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு டேங்கரில் பாதி போய்விட்டது.

கடைசி இரண்டு அடியில் கூடை விலகிப்போனால் கையை நீட்டிப் பிடிப்பதுபோல விமானத்தைத் திருப்பாதீர்கள். புரோப் விளிம்பில் பட்டால் கூடை கிழியும், உடைந்த துண்டுகள் எஞ்சினுக்குள் போகலாம். ஹார்னெட்டில் வலது எஞ்சினின் காற்றுவாய் புரோப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது. தவறவிட்டால் வேகத்தைக் குறைத்து நேராகப் பின்வாங்கி, மறுபடி 10 அடி தள்ளி நின்று, மறுபடி தொடங்க வேண்டும்.

இணைந்ததும் வேலை முடிந்தது என்று அப்படியே நிற்பதும் தவறு. ஹோஸைச் சில அடி முன்னே தள்ளினால்தான் வால்வு திறக்கும். பாட்-இன் பின்புற விளக்கு சிவப்பு என்றால் நெருங்கக் கூடாது. அம்பர் (ஆரஞ்சு மஞ்சள்) என்றால் இணையலாம். பச்சை என்றால் எரிபொருள் ஓடுகிறது. பச்சை வரவில்லை என்றால் முதலில் ஹோஸில் உள்ள அடையாளப் பட்டைகளைப் பார்த்து உங்கள் இடத்தைச் சரிபாருங்கள். பிறகு உங்கள் சுவிட்சுகளை. ஹார்னெட்டில் வெளித்தொட்டிச் சுவிட்ச் ‘ஸ்டாப்’ நிலையில் இருந்தால் அந்தத் தொட்டி நிரம்பாது. நிரம்பியதாக நினைத்துக் கிளம்பிய விமானி, பாதி வழியில்தான் அதைக் கண்டுபிடிப்பார். இணையும் நொடியில் கொஞ்சம் எரிபொருள் தெறிப்பது இயல்பு. தொடர்ந்து வழிந்தால் பூட்டு சரியாக விழவில்லை என்று பொருள், பிரிந்துவிட வேண்டும். ரேடாரை ஸ்டாண்ட்பையிலும் ஆயுதச் சுவிட்சைப் பாதுகாப்பு நிலையிலும் வைப்பது டேங்கரை நெருங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேசி-135-இன் பூம் இணைப்பானுக்கு மேற்சொன்ன பழக்கம் அப்படியே பொருந்தாது. அதன் ஹோஸ் ஏறக்குறைய 9 அடிதான். சுருட்டும் சுருளும் கிடையாது. ஹோஸில் ஒரு வளைவு இருக்கும்படி விமானி தானே இடத்தைப் பிடித்து நிற்க வேண்டும். கேசி-130-இல் மன்னிக்கப்படும் இரண்டு அடிப் பிழையை இது மன்னிக்காது.

ஹெலிகாப்டர் என்றால்

சிஎச்-53இ ஹெலிகாப்டரின் சுழலி விட்டம் 79 அடி. புரோப் அந்த வட்டத்துக்கு முன்னால் நீள்கிறது, ஆனால் ஹோஸுக்கும் சுழலி அலகுகளின் நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி தாராளமானதல்ல. கூடையைப் பிடிக்கும் அவசரத்தில் சைக்ளிக்கை (சுழலியைச் சாய்க்கும் கைப்பிடி) முன்னும் பின்னும் ஆட்டினால் சுழலித் தட்டு முன்னால் சாய்ந்து ஹோஸையோ தன் புரோப்பையோ வெட்டிவிடும். ஜெட்டில் துரத்தினால் கூடை போகும்; இங்கே உயிர்கள் போகும்.

டேங்கர் பக்கத்துத் தவறும் இங்கே சேர்கிறது. ஹெலிகாப்டருக்காக டேங்கர் ஃபிளாப்பை இறக்கி 110, 120 நாட் அளவில் மெதுவாகப் பறக்க வேண்டும். எடை மிகுந்த டேங்கருக்கு அந்த வேகம் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எல்லைக்கு அருகில். ஹெலிகாப்டரோ சுமையோடு, வெப்பமான உயரமான இடத்தில் அதற்கு மேல் வேகம் பிடிக்கத் திணறும். இருவருக்கும் பொருந்தும் வேக இடைவெளி சில நாட் அளவே மிஞ்சும் நிலையில், உயரத்தைக் குறைத்துத் திட்டமிடுவதே அறிவு.

பிரிந்த பிறகு

எரிபொருள் வாங்கியதும் மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறது. பிரிவதும் இணைவது போலவே மெதுவாக, ஹோஸ் இயல்பாகத் தொங்கும் கோட்டிலேயே நேராகப் பின்னால் வர வேண்டும். பக்கவாட்டில் இழுத்துப் பிரிந்தால் விடுபட்ட கூடை வீசி வந்து கண்ணாடி மூடியை அடிக்கும். பிறகு போய்ச் சேர வேண்டிய இடம் டேங்கரின் வலப்புறம். வருபவர் இடப்புறம் சேர்வார், முடித்தவர் வலப்புறம் போவார் என்பது வழக்கம். இருட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோரும் அறிவது இந்த ஒழுங்கால்தான்.

2018 டிசம்பர் 6 அதிகாலை இருட்டில், ஜப்பானின் தெற்கே கடலுக்கு மேல், எஃப்/ஏ-18டி ஒன்று எரிபொருள் வாங்கி முடித்தபின் வழக்கத்துக்கு மாறாக இடப்புறம் போனது. அப்படிப் போகக் கேட்டதற்கு அனுமதியும் கிடைத்திருந்தது. சற்று நேரத்தில் அது கேசி-130ஜே-யின் மீது மோதியது. டேங்கரில் இருந்த ஐந்து பேரும் ஹார்னெட்டில் இருந்த இருவரில் ஒருவரும் இறந்தார்கள். முதல் விசாரணை அறிக்கையில் பிழைகள் இருந்ததை மரைன் படையின் மறுஆய்வே பின்னர் சொன்னது. ஆகவே பழியை ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. இரவுப் பார்வைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒளிரும் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த விமானத்தினுடையது என்று கண்ணால் தீர்மானிப்பது கடினம். இரவில் வழக்கமான பக்கத்தை மாற்றுவது, விளக்கு அமைப்பை மாற்றுவது இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ரேடியோவில் ஒவ்வொருவரும் தன் இடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

2020 செப்டம்பர் 29 அன்று கலிஃபோர்னியாவில் எஃப்-35பி ஒன்று கேசி-130ஜே-யுடன் மோதியது. விமானி குதித்துத் தப்பினார். டேங்கர் குழுவினர் எட்டுப் பேரும், விவசாய நிலத்தில் வயிற்றுப்பகுதி உரச இறங்கிய விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள்.

எதாவது சரியில்லை என்று யாருக்குத் தோன்றினாலும், டேங்கரின் பெயரைச் சொல்லி ‘பிரேக்அவே’ என்று மூன்று முறை கூற வேண்டும். டேங்கரின் பின்பக்க ஜன்னலில் நின்று பார்க்கும் குழு உறுப்பினரும் சொல்லலாம், பதவி பார்க்க வேண்டியதில்லை. கேட்ட உடனே வாங்கும் விமானி திராட்டிலைப் (எஞ்சின் விசைக் கைப்பிடி) பின்னிழுத்து, நேராகப் பின்னாலும் கீழேயும் விலக வேண்டும். சாய்ந்து திரும்பக் கூடாது. அவர் விலகியது தெரிந்த பிறகே டேங்கர் வேகமெடுத்து மேலேறும். ஹோஸை உள்ளிழுக்க முடியாமல் போனால் பாட்-இல் உள்ள வெட்டுக்கத்தியால் அதை அறுத்துக் கடலில் விட்டுவிடலாம். அதற்குக் கீழே கப்பலோ ஊரோ இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.