கன்றுக்குக் காது வில்லை: முதலில் கிடேரியா காளையா என்று எழுதுங்கள், அப்புறம் அடியுங்கள்

வீட்டில் இரண்டு மாடு, ஒரு கன்று என்றால் வில்லை இல்லாமலே எல்லாம் நினைவில் நிற்கும். பத்து மாட்டைத் தாண்டி, வருடத்துக்கு ஏழெட்டுக் கன்று விழ ஆரம்பித்ததும் நினைவை நம்ப முடியாது. நம் டெல்டாவில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சம்பா அறுத்து, உளுந்து பயறும் எடுத்த பிறகு, ஆற்றில் தண்ணீர் வருகிறவரை வயலெல்லாம் மேய்ச்சல்தான். ஊர் மாடுகள் கலந்து மேயும். ஒரே வயதில் பத்துக் கன்று கூட்டமாக நிற்கும்போது எது யாருடையது, எதற்குத் தாய் எது என்று சொல்வது வீட்டுக்காரருக்கே கஷ்டம்.

நிறத்தை வைத்து அடையாளம் சொல்லலாமே என்பார்கள். நம் டெல்டாவின் உம்பளச்சேரி இன மாடு வளர்ப்பவர்களுக்கு அது சரிப்படாது. அந்தக் கன்று பிறக்கும்போது செவலையாகவோ பழுப்பாகவோ இருக்கும். நெற்றியிலும் காலிலும் வாலிலும் வெள்ளை தெரியும். ஆறு மாத வாக்கில் உடம்பு சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். தை மாதம் 'செவலைக் கன்று' என்று நோட்டில் எழுதியது ஆடியில் எந்தக் கன்றையும் காட்டாது.

அதனால் வில்லை அடிப்போம். ஆனால் வில்லையில் இருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு நேரே நோட்டில் தாய், தேதி, கிடேரியா காளையா என்ற மூன்றும் இல்லையென்றால் கன்றின் காதைத் துளைத்ததுதான் மிச்சம். பலரும் முதலில் வில்லையை அடித்துவிட்டு, 'ராத்திரி எழுதிக்கொள்ளலாம்' என்று கன்றை அவிழ்த்து விடுகிறார்கள். ஒரே நாளில் நாலு கன்றுக்கு அடித்தால் ராத்திரிக்குள் எது எந்த எண் என்பது கலங்கிவிடும். கன்று கையில் இருக்கும்போதே பார்த்து, எழுதி, அதன் பிறகு அடியுங்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இரண்டு வகை வில்லை

முதலாவது அரசு வில்லை. மஞ்சள் நிறம், 12 இலக்க எண். பசு ஆதார் என்று சொல்வது இதைத்தான். இதைக் கடையில் வாங்கி நாமே அடிக்கக் கூடாது. கால்நடை மருந்தகத்திலோ கோமாரி ஊசி முகாமிலோ ஊழியர்களே அடித்து, 'பாரத் பசுதன்' செயலியில் பதிவார்கள். தடுப்பூசி, சினை ஊசி விவரமெல்லாம் அந்த எண்ணில்தான் ஏறும். காப்பீடு எடுத்தாலும் காதில் வில்லை இருக்க வேண்டும். மாடு இறந்த பிறகு வில்லையைக் காட்ட முடியாவிட்டால் இழப்பீடு கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது நம் பண்ணைக்கென்று நாமே அடிக்கும் சின்ன வில்லை. அரசு வில்லை வரக் கன்றுக்குச் சில மாதம் ஆகலாம். அதுவரை அடையாளம் வேண்டுமே, அதற்காக இது. கால்நடை மருந்துக் கடைகளில் வில்லையும் அதை அடிக்கும் இடுக்கியும் கிடைக்கும். மஞ்சளைத் தவிர்த்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஏதாவது வாங்குங்கள், அரசு வில்லையோடு குழம்பாது.

எண் போடும் முறையை எளிமையாக வையுங்கள். 2026இல் பிறந்த 7ஆவது கன்று என்றால் 26-07. பெயர், தாய் எண், தந்தை எண் எல்லாவற்றையும் அந்தச் சின்ன வில்லையிலேயே நெருக்கி எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு மழைக்காலம் போனால் எதையும் படிக்க முடியாது. வில்லையில் பெரிய எழுத்தாக எண் மட்டும் போதும், மற்றதெல்லாம் நோட்டில்.

பாலினத்தைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, காதைப் பிரித்துக்கொள்வது. கிடேரிக்கு இடது காது, காளைக்கு வலது காது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பெரும் பண்ணைகள் பலவற்றில் இப்படிக் காது பிரித்து அடிக்கும் வழக்கம் உண்டு. நிறத்தால் பிரிப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நம் வெயிலில் நிறம் வெளுக்கும், கடையில் அடுத்த முறை அதே நிறம் கிடைக்காமலும் போகும். காது மாறாது. எந்தப் பக்கம் எதற்கு என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு மாட்டைப் பார்க்கிறவருக்கும் தெரிய வேண்டும். அரசு வில்லை அடிக்க வரும்போது மற்றக் காதில் அடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 1: கிடேரியா காளையா என்று பார்ப்பது

பிறந்து ஒரு நாள் ஆகட்டும். அதற்குள் சீம்பால் குடித்து, நக்கிக் காய்ந்து, கன்று எழுந்து நிற்கும். வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனத் துளைக்குக் கீழே பெண்குறிப் பிளவும் இருந்தால் கிடேரி. ஆசனத் துளை மட்டும் இருந்தால் காளை. அடுத்து பின்னங்கால்களுக்கு நடுவே கை வையுங்கள். காளைக் கன்றுக்குப் பிறக்கும்போதே விதைப்பை இருக்கும், உள்ளே இரண்டு சின்ன விதைகள் விரலுக்குத் தட்டுப்படும். மூன்றாவது அடையாளம் மூத்திரம். வால் பக்கம் பெய்தால் கிடேரி, வயிற்றுக்கு அடியில் தொப்புளுக்குப் பின்னாலிருந்து வந்தால் காளை.

காம்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காளைக் கன்றுக்கும் சின்னக் காம்புகள் உண்டு. இருட்டில் தடவிப் பார்த்து 'கிடேரி' என்று சொன்னது பின்னால் காளையாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு எழுதுங்கள்.

'இதற்குப் போய் இவ்வளவா?' என்று கேட்கலாம். கன்று வீச்சு நோய்க்கான (சினை மாட்டைக் கருச்சிதைக்க வைக்கும் புருசெல்லோசிஸ்) தடுப்பூசி கிடேரிக்கு மட்டும்தான் போட வேண்டும். அதுவும் 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள், வாழ்நாளில் ஒரே தடவை. அது உயிருள்ள கிருமி கொண்ட ஊசி. காளைக்குப் போட்டால் விதையைப் பாதிக்கலாம். நோட்டில் பாலினமும் பிறந்த தேதியும் சரியாக இருந்தால்தான் எந்தக் கன்றை எந்த மாதம் கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியும். இந்த நோய் மாட்டிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதால் இதில் அசட்டை கூடாது.

இரட்டைக் கன்று பிறந்தால் இன்னும் கவனம் வேண்டும். காளையும் கிடேரியுமாகப் பிறந்தால், அந்தக் கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மலடாகத்தான் இருக்கும். கருவில் இரண்டுக்கும் இரத்த ஓட்டம் கலந்து, காளையின் ஹார்மோன் கிடேரியின் கருப்பை வளர்ச்சியைக் கெடுத்துவிடுவதுதான் காரணம். வெளியே பார்த்தால் சாதாரணக் கிடேரி போலவே இருக்கும். 'இரட்டை, கூடப் பிறந்தது காளை' என்று ஒரு வரி எழுதியிருந்தால், சினைப் பருவத்துக்குக் காத்திருந்து இரண்டு மூன்று வருடத் தீவனத்தைச் செலவழிக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டி முடிவெடுக்கலாம்.

படி 2: எழுதுவது

நோட்டில் ஒரு கன்றுக்கு ஒரு பக்கம் விடுங்கள். இப்படி இருக்கட்டும்:

எண்: 26-07
பிறந்த நாள்: 03.02.2026, இரவு
தாய்: 21-03, மூன்றாம் ஈற்று
தகப்பன்: உறைவிந்துக் குச்சியில் உள்ள காளை எண்
பாலினம்: கிடேரி (இருவர் பார்த்தது)
ஒற்றையா இரட்டையா: ஒற்றை
அடையாளம்: நெற்றியில் வெள்ளை, பின்னங்கால் இரண்டிலும் வெள்ளை
அரசு எண்: (பின்னர்)
கன்று வீச்சு ஊசி: 03.06.2026 முதல் 03.10.2026க்குள்

தகப்பன் வரியை விட்டுவிடாதீர்கள். சினை ஊசி போட்ட அன்றே காளை எண்ணைக் கேட்டுத் தாயின் பக்கத்தில் எழுதிவைத்தால்தான் இப்போது பார்த்து எழுத முடியும். பாலினம் பிரித்த உறைவிந்து போட்டிருந்தால் அதையும் குறியுங்கள். அதில் சுமார் 90 சதவீதம் கிடேரி எதிர்பார்க்கலாம். 100 சதவீதம் இல்லை. 'கிடேரி ஊசிதானே போட்டோம்' என்று பார்க்காமலே எழுதுவது தப்பு.

காளைக் கன்றுக்கும் இதே பக்கம் உண்டு. விற்கத்தானே போகிறோம் என்று எழுதாமல் விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். உம்பளச்சேரி போன்ற நம் மண் இனத்தில் நல்ல பொலிகாளைக்குத் தட்டுப்பாடு. தாய் எவ்வளவு பால் கொடுத்தது, தகப்பன் யார் என்று எழுதியிருந்தால்தான் ஒரு காளைக் கன்றைப் பொலிகாளையாக நிறுத்துவதா என்று யோசிக்கவே முடியும். திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் இந்த இனத்துக்கென்றே அரசுக் கால்நடைப் பண்ணை நடக்கிறது. அங்கே நடக்கும் இன விருத்திக்கும் இப்படிப்பட்ட பதிவுதான் அடிப்படை.

படி 3: கன்றைப் பிடிப்பது

தாயை முதலில் கட்டுங்கள். சாதுவான பசுகூடக் கன்று கத்தினால் முட்ட வரும். உம்பளச்சேரி என்றால் சொல்லவே வேண்டாம். கன்றின் பின்பக்கத்தைக் கொட்டில் மூலையில் ஒட்டி நிறுத்தி, ஒருவர் பக்கவாட்டில் அணைத்து, ஒரு கையைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலையை ஆடாமல் பிடிக்க வேண்டும். அடிக்கிறவர் இன்னொருவர். தனி ஆளாக முயற்சி செய்யாதீர்கள். தலை ஒரு வெட்டு வெட்டினாலும் காது கிழிந்துவிடும்.

அடிக்க வெயிலுக்கு முந்திய காலை நேரம் நல்லது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈயும் ஈரமும் சேர்ந்து புண் ஆறத் தாமதமாகும். அப்போது பிறந்த கன்றுக்குக் கழுத்துக் கயிற்றில் எண் எழுதிய அட்டையைக் கட்டிவைத்து, கொஞ்சம் வெயில் கண்ட பிறகு அடிக்கலாம். நோட்டில் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: இடம் பார்த்து அடிப்பது

காதைத் தொட்டுப் பாருங்கள். நீளவாக்கில் குருத்தெலும்பு மேடுகள் ஓடும். அவற்றுக்கு நடுவே மெல்லிய சதைப் பகுதி இருக்கும். காதின் நீளத்தில் ஏறக்குறைய நடுவில், அந்த மேடுகளுக்கு இடையேதான் துளை விழ வேண்டும். காதை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், அல்லது பின்னால் டார்ச் அடித்தால், இரத்தக் குழாய்கள் கோடுகளாகத் தெரியும். அவற்றை விலக்குங்கள். நுனிக்கு அருகே அடித்தால் வேலியிலோ கயிற்றிலோ மாட்டிக் கிழியும். காதின் அடிப்பகுதியில் அடித்தால் தடித்த குருத்தெலும்பில் ஏறி வீங்கும்.

இடுக்கியின் ஊசியில் ஆணி உள்ள பாகத்தையும், எதிர்த் தாடையில் துளை உள்ள பாகத்தையும் மாட்டுங்கள். காதில் வைப்பதற்கு முன் லேசாக மூடிப் பார்த்து, ஆணி நேராகத் துளைக்கு எதிரே வருகிறதா என்று சரிபாருங்கள். கோணலாக வந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும், கன்று படாத பாடுபடும். ஆணி முனையையும் காதின் இரு பக்கத்தையும் பொவிடோன் அயோடினால் துடையுங்கள். ஒரு கன்றுக்கு அடித்து முடித்ததும் அடுத்ததற்கு முன் இடுக்கியையும் துடைக்க வேண்டும்.

ஆணி காதின் பின்பக்கத்திலிருந்து நுழைந்து, துளைப் பாகம் காதின் உட்பக்கம் இருக்கும்படி வையுங்கள். நோட்டில் எழுதிய எண்தானா, கிடேரிக்கு உரிய காதுதானா என்று பிடித்திருப்பவர் ஒருமுறை உரக்கச் சொல்லட்டும். அப்புறம் ஒரே அழுத்து. டக்கென்று சத்தம் வரும். உடனே இடுக்கியைத் திறந்து எடுத்துவிடுங்கள், இழுக்கக் கூடாது. பயந்து மெதுவாக அழுத்தினால்தான் கன்றுக்கு வலி அதிகம்.

வில்லையை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், காதுக்கும் வில்லைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். காது இன்னும் வளரும், இறுகிப் பிடித்தால் புண்ணாகும்.

படி 5: அடுத்த இரண்டு வாரம்

ஓரிரு துளி இரத்தம் சாதாரணம். நிற்காமல் வழிந்தால் சுத்தமான பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துளையைச் சுற்றி அயோடின் வைத்து, ஈ அண்டாமலிருக்கக் காதின் வெளிப்புறம் வேப்பெண்ணெய் தடவுங்கள். தினமும் பால் கறக்கும்போது காதை ஒரு பார்வை பாருங்கள். காது தொங்குவது, தலையை உதறிக்கொண்டே இருப்பது, வாடை, சீழ், புழு இதில் எது தெரிந்தாலும் மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வில்லையை நீங்களே பிடுங்க வேண்டாம்.

அரசு வில்லை அடிக்கும் நாளில்

கோமாரி ஊசி 4 மாதத்திலிருந்து போடுவார்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அரசு வில்லை பெரும்பாலும் அப்போது வந்துவிடும். முகாமுக்கு நோட்டோடு போங்கள். 12 இலக்கத்தை நாலு நாலாகப் பிரித்து வாய்விட்டுப் படித்து எழுதுங்கள். ஊழியர் செயலியில் பதியும்போது பாலினம், பிறந்த தேதி, உங்கள் கைபேசி எண் மூன்றையும் நீங்களே சொல்லி, திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூட்ட நேரத்தில் காளைக்குப் பெண் என்று தட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். அங்கேயே திருத்தினால் ஒரு நிமிட வேலை.

வில்லை விழுந்துபோனால்

மேய்ச்சலில் விழத்தான் செய்யும். நம் வில்லை என்றால் அதே எண்ணில் புதிதாக எழுதி அடித்துக்கொள்ளலாம், பழைய துளை நன்றாக இருந்தால் அதிலேயே. அரசு வில்லை விழுந்தால் மருந்தகத்தில் சொல்லுங்கள். புது எண்ணுள்ள வில்லை அடித்து, பழைய எண்ணோடு செயலியில் இணைப்பார்கள். நோட்டில் பழைய எண்ணை அழிக்காமல் அதன் கீழே புது எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். கன்றை விற்றால் அரசு எண்ணை வாங்குகிறவர் பெயருக்கு மாற்றச் சொல்லி, நம் வில்லை எண்ணின் பக்கத்தில் விற்ற தேதியை எழுதி மூடுங்கள். அந்த எண்ணை வேறு கன்றுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள்.