கருவிழிக் கீறலும் நான் எழுதிய அந்தச் சீட்டும்

கண்ணில் தூசி விழுந்தால் கசக்கக்கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். போன வாரம் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் முன்பு நான் எழுதிய அதே சீட்டு. கருவிழிக் கீறலோடு வருகிறவர்களுக்கு டாக்டர்கள் நாம் செய்யும் தப்புகளில் அதுதான் முதல். மற்றவையும் கீழே இருக்கின்றன.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு

அறுவடை சமயம். நெல் தூற்றும்போது உமி பட்ட கண்ணோடு ஒரு விவசாயி வந்தார். ஆன்டிபயாட்டிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த சொட்டு எழுதினேன். மூன்றாம் நாள், "சிவப்பு இறங்கிடுச்சுங்க டாக்டர்" என்றார். எனக்குப் பெருமை வேறு. பத்தாம் நாள் திரும்பி வந்தபோது கருவிழி நடுவில் சாம்பல் வெள்ளைப் படலம், ஓரமெல்லாம் இறகு போலப் பிசிறு, உள்ளே அடியில் சீழ். பூஞ்சை.

ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை, உடம்பின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. அதனால் சிவப்பும் வலியும் குறையும். பூஞ்சையோ நிம்மதியாக ஆழத்துக்கு இறங்கும். கருவிழியின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர்தான். அவருக்குக் கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. இன்றும் அந்தக் கலவைச் சொட்டைச் சீட்டே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

ஃப்ளூரசீன் சாயம் வைத்து நீல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். சாதாரணக் கீறல் ஒன்றிலிருந்து மூன்று நாளில் மூடிவிடும். மூடாமல் வெள்ளை படிந்தால் சுரண்டி எடுத்து, கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் போட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூஞ்சை இழை தெரிந்தால் 5% நாட்டமைசின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு, ஆரம்பத்தில் மணிக்கொரு தரம், வாரக்கணக்கில். விலை கூடிய வோரிகோனசோல் சொட்டைவிட இதுவே மேல் என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

கூடவே கூடாது.

கண்ணைக் கட்டுவது

சின்னக் கீறலுக்குத் தேவையில்லை. செடி, மண், கான்டாக்ட் லென்ஸ் சம்பந்தப்பட்டிருந்தால் கட்டவே வேண்டாம்.

மேல் இமையைப் புரட்டாமல் விடுவது

கீறல்கள் மேலும் கீழுமாகக் கோடு கோடாக இருந்தால், துகள் இமைக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வெல்டருக்கு நான்கு நாள் சொட்டு போட்டும் உறுத்தல் போகவில்லை. இமையைப் புரட்டினேன். கடுகில் பாதிகூட இல்லாத இரும்புத் தூள். பஞ்சால் ஒரு துடைப்பு. சிரித்துக்கொண்டே போனார், முந்தைய மூன்று சீட்டுகளையும் என் மேசையில் விட்டுவிட்டு.