மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தப் பதினைந்து நாள்

டிக்கெட் போட்ட அன்று துள்ளிக் குதித்தவள் நான். கிளம்பப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஏதாவது காரணத்தால் பயணம் தள்ளிப்போனால் தேவலை என்று தோன்றியது. மூன்று வருஷமாக மகளைப் பார்க்காதவள் நினைக்கிற நினைப்பா இது? வெளியே மூச்சு விடவில்லை. மூன்று தடவை போய்வந்துவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்: அது பாசக் குறைவு இல்லை, பயம்.

முதலில் அந்தப் பயம் எதைப் பற்றி என்று பிரித்து எழுதுங்கள். "மனசு ஒரு மாதிரி இருக்கு" என்று விட்டால் ராத்திரி தூக்கம் போகும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதியது மூன்றே வரி. பேரன் என்னிடம் வருவானா? மாப்பிள்ளைக்குத் தொந்தரவாக இருப்பேனா? இவர் தனியாக மாத்திரையை ஒழுங்காகப் போடுவாரா?

மூன்றாவதற்கு உடனே வழி இருந்தது. கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, அவரையே நிரப்பச் சொல்லி, இரண்டு வாரமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

இரண்டாவதை மகளிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். "நான் வந்தா எதுல கை வைக்கக் கூடாது?" என்றேன். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அலமாரியை மட்டும் அடுக்காதம்மா" என்றாள். என்னைத் தெரிந்தவள்.

பேரன் விஷயம் கையில் இல்லை. வீடியோ காலில் சிரிக்கிற குழந்தை நேரில் வீறிட்டு அழலாம். எட்டு, ஒன்பது மாதத்தில் வேற்றுமுகம் பார்க்க ஆரம்பிப்பது வளர்ச்சியில் சகஜம். இவனுக்கு அப்போது பத்து மாதம். போனதும் தூக்கக் கையை நீட்டாதீர்கள். தரையில் உட்கார்ந்து அவன் அம்மாவோடு பேசுங்கள், பொம்மையை நீங்களே உருட்டி விளையாடுங்கள். நான்காம் நாள் அவனாக வந்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதை முதலில் பாருங்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

முந்தின ராத்திரி ஒரு சண்டை வந்தாலும் வரும். எங்களுக்கு நகவெட்டிக்காக வந்தது. யார் சரி என்று நிரூபிக்க உட்காராதீர்கள், விளக்கை அணைத்துப் படுங்கள்.

போய் இறங்கியதும் எதையும் எடை போடாதீர்கள். எங்கள் இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட பத்து மணி நேர வித்தியாசம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று உடம்பு பழகக் கணக்கு சொல்வார்கள். "ஏன்தான் வந்தோமோ" என்று விடியற்காலை மூன்று மணிக்குத் தோன்றினால், அதைத் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, விடிந்ததும் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வாருங்கள்.

இவர் தினமும் டப்பாவைப் படமெடுத்து அனுப்புவார். ஒரு நாள் புதன்கிழமை அறையில் மாத்திரை அப்படியே கிடந்தது. நான் ஃபோனை எடுப்பதற்குள் அவரே எழுதிவிட்டார்: "இப்போ போட்டுட்டேன்."